அதாவது, சணல்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. தை மாதம், மழை விட்ட கிழமையில், மகேஸ் மாமிக்குக் காய்ச்சல் வந்தது.
2. மூன்றாம் நாள், நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் அது டெங்கு என்று தெரிந்தது.
3. அன்று மத்தியானம் ரொறன்ரோவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது.
4. கட்டுரை தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது.
5. மொழிபெயர்ப்பின் விளைவாக ஒரு கிலோ சணல் விதை வாங்கப்பட்டது.
6. மொழிபெயர்த்தவர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு சொல்லை மீளப் பெற்றார்.

முதல் ஐந்தையும் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும், நம்பிவிட்டது. ஆறாவதை நான் நேரில் பார்த்தேன் என்று சொன்னாலும் ஒருவரும் நம்புவதாக இல்லை. ஏனென்றால் தென்மராட்சி முழுவதிலும் அதாவதாரைப் போலப் பிழைவிடாத மனிதர் இன்னொருவர் பிறந்ததில்லை. இதைச் சொன்னவரும் அதாவதார்தான்.

அவர் முப்பத்தொரு வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பொலிஸ்காரர் சிங்களத்தில் சொல்வதையும் வைத்திய அறிக்கை ஆங்கிலத்தில் சொல்வதையும் தமிழில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் "அதாவது" என்று தொடங்கியதால் பெயரே அதாவதார் ஆகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது தபால்காரருக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றபின், மொழிபெயர்க்க இரண்டு மொழிகள் தேவையில்லை என்று அவர் கண்டுபிடித்தார். தமிழிலிருந்து தமிழுக்கே பெயர்க்கத் தொடங்கினார். கொடிகாமம் பஸ்சில் கொண்டக்டர், "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ" என்று கத்தினால், இவர் எழுந்து சனத்தின் பக்கம் திரும்புவார்.

"அதாவது, பின்னுக்கு நிற்க வேண்டாமெண்டு கொண்டக்டர் தயவாகக் கேட்டுக்கொள்ளுறார்."

"அண்ணை, நான் தயவாக் கேக்கேல்லை. கத்தினனான்."

"அதாவது, கொஞ்சம் அவசரமாம்."

கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல இவர் பக்கத்தில் நின்று பொருள் சொல்லுவார். சில இடங்களில் ஐயரை முந்தியும் விடுவார். ஒருநாள் ஐயர் மணியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் முதல் சொல்லி முடியுங்கோ, நான் பிறகு வாறன்" என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இன்னொரு நாள், பொம்பிளை பார்க்க வந்த மாப்பிள்ளை வாயே திறக்காமல் இருந்தார். "அதாவது, மாப்பிள்ளைக்குப் பூரண சம்மதம்" என்று அறிவித்தார் அதாவதார். மாப்பிள்ளைக்குப் பல்லுக்கொதி, வலியில் வாய் திறக்க முடியவில்லை. கலியாணம் என்னவோ நடந்தது. அதையும் இவர் தன் சரியான மொழிபெயர்ப்புகளின் கணக்கிலேயே வைத்திருக்கிறார்.

உலகத்தில் அவரைத் திருத்தும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. மகேஸ் மாமி, அவருடைய மனைவி, ஒரு நாளைக்கு ஏழெட்டு வாக்கியங்களுக்கு மேல் பேசமாட்டார். அதில் பாதி ஒரே வாக்கியம்.

எங்கள் வீடு அவர்களுக்கு எதிர்வீடு. போன வருடப் பொங்கலுக்கு நான் வீட்டில் பொங்கிய புக்கை கொண்டு போனேன். "தேத்தண்ணி குடிக்கிறியோ பிள்ளை?" என்று கேட்டார் மாமி.

"அதாவது," என்றார் அதாவதார், "உன்னைக் கண்டது மாமிக்குப் பெரிய சந்தோசம். ஆறுதலா இருந்து, ஊர்ப் புதினமெல்லாம் சொல்லிப்போட்டுப் போகச் சொல்லுறா."

"நான் உப்பிடிச் சொல்லேல்லை. தேத்தண்ணிதான் கேட்டனான்."

இதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்குப் பின்னும், நீதவான் தலையாட்டுவதற்குக் காத்திருப்பது போல, அந்த வாக்கியத்துக்காகச் சற்று நிறுத்துவார். நாற்பது வருடக் குடும்பம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது.

காய்ச்சல் வந்தபின், வேலைக்குப் போகும் வழியில் காலை ஏழு மணிக்கு நான் போய் மாமியின் இரத்தம் எடுத்து வந்தேன். டெங்குவில், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையை நாள்தோறும் பார்க்க வேண்டும். ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் அனுமதிக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான்காம் நாள் எண்ணிக்கை அதற்குச் சற்று மேலே இருந்தது. அன்று நான் இரத்தம் எடுக்கப் போனபோது அதாவதார் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"ரொறன்ரோ மகள் ஒரு ஆங்கிலக் கட்டுரை அனுப்பினவள், பிள்ளை. வைரசும் நோய் எதிர்ப்பும் பற்றினது. தமிழாக்கிறன்."

நல்லது, மனம் வேறு பக்கம் போகும் என்று நினைத்தேன். இது என் பிழை. குறித்துக்கொள்கிறேன்.

அன்று காலை கடைத்தெருவில் நடந்ததை விதைக் கடைக்காரர் பிறகு எனக்குச் சொன்னார். அதாவதார் ஒரு கிலோ சணல் விதை கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் சணலைத் தெரியாதவர் இல்லை. நெல் வெட்டியபின் வயலில் விதைப்பார்கள். மஞ்சளாகப் பூக்கும். சனம் நின்று படம் எடுக்கும். பிறகு அப்படியே உழுது பசளையாக்கிவிடுவார்கள்.

"எத்தினை பரப்புக்கு அண்ணை?"

"பரப்புக்கில்லை. ஒரு ஆளுக்கு."

கடைக்காரர் இதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். அதாவதார் சிரிக்கவில்லை. "அதாவது, பெண்ணாள்" என்று விளக்கம் மட்டும் கொடுத்திருக்கிறார்.

ஐந்தாம் நாள் காலை நான் போனபோது குசினியில் ஏதோ வறுபட்ட மணம் இருந்தது. கோப்பி என்று நினைத்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நான் கையில் பட்டியைக் கட்டினேன்.

"அதாவது, கவனமாக் குத்தட்டாம், நேற்றுக் குத்தினது இன்னும் நோகுதாம்" என்றார் அதாவதார். பிறகு, வழக்கம் போல, நிறுத்தினார்.

மாமி ஒன்றும் சொல்லவில்லை.

"நேற்று நீ பிழையாக் குத்திப்போட்டாயாம்" என்றார், கொஞ்சம் உரத்து.

அவர் என்னைப் பார்த்தார். நான் குழாயில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு முடிவு வந்தது. ஒரு இலட்சத்துக்கு நன்றாகக் கீழே. தொலைபேசியில் சொல்லாமல் நானே அறிக்கையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. கதிரையில் ஒரு பேணி. பேணிக்குள் மண்ணிறமான ஏதோ ஒன்றிலிருந்து ஆவி பறந்தது. பக்கத்தில் நான்கு புல்ஸ்காப் தாள், முத்து முத்தான கையெழுத்து.

"வா பிள்ளை. மருந்து குடுக்கப் போறன், நல்ல நேரத்துக்கு வந்தாய்."

"என்ன மருந்து மாமா?"

"சணல் விதைக் கசாயம்."

"பொறுங்கோ" என்றேன். "முதல் அதை வாசிக்கத் தாங்கோ."

வாசித்தேன். முதல் வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "அதாவது, சணலிலிருந்து பெறப்பட்ட கனபிடயோல், உணவுத் தட்டில் வைக்கப்பட்ட சிறைக்கூடங்களுக்குள் வைரசு பெருகுவதைத் தடுத்ததாகத் தெரியவருகிறது."

"சிறைக்கூடம் எங்கையிருந்து வந்தது மாமா?"

"செல் எண்டால் வேறை என்ன? கைதியளிலை பரிசோதிச்சிருக்கிறாங்கள். வெளிநாட்டிலை உது நடக்கிறதுதான்."

"செல் எண்டால் கலம், மாமா. உடம்பிலை இருக்கிற கலம். தட்டு எண்டது ஆய்வுகூடத்திலை கலம் வளர்க்கிற கண்ணாடித் தட்டு. சரி, கனபிடயோல் ஆர்?"

"பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்கிறேல்லை. இத்தாலியனா இருக்க வேணும்."

நான் நிதானமாக மூன்று விடயங்களைச் சொன்னேன். ஒன்று, சணல் விதையில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. இரண்டு, டெங்குவும் ஈரலில்தான் கை வைக்கும். மூன்று, சிறுதட்டு இறங்கிவிட்டது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அவருக்கு மூன்றாவது மட்டும் கேட்டது. "சிறுதட்டு இறங்கினபடியாத்தான் சொல்லுறன் பிள்ளை. பெரிய தட்டிலை வேலை செய்த சாமான் சிறுதட்டிலை செய்யாதோ?"

"சணல் எண்டு ஆர் சொன்னது?"

அவர் அலுமாரியிலிருந்து அகராதியை எடுத்தார். விரலை வைத்துக் காட்டினார். ஆங்கிலச் சொல் ஹெம்ப். எதிரே, சந்தேகத்துக்கு இடமில்லாமல், சணல்.

"நான் சொல்லேல்லை. அகராதி சொல்லுது. கனபிஸ் எண்டால் கஞ்சா, ஹெம்ப் எண்டால் சணல். முப்பத்தொரு வருசம் கோட்டிலை பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னவன் நான். ஒரு சொல்லை ஒருத்தரும் ஆட்சேபிச்சதில்லை."

அவர் பேணியை எடுத்தார். மற்றக் கையால் மாமியின் தலையைத் தூக்கினார். அவருடைய மொழிபெயர்ப்பு சரியாக இருந்தால் மாமி பிழைப்பார் என்று அவர் நினைத்தார். பிழையாக இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மாமியோ மறுத்துப் பேசும் நிலையில் இல்லை.

விஞ்ஞானம் இனி உதவாது என்று விளங்கியது. அவருடைய முறைக்கே போனேன்.

"மாமா, ஒரு கேள்வி. கட்டுரையிலை படம் ஏதும் இருக்கோ?"

"இருக்கு. படத்தை நான் மொழிபெயர்க்கிறேல்லை."

"மொழிபெயர்க்க வேண்டாம். பாருங்கோ. தடயப் பொருள் மாதிரி நினைச்சுப் பாருங்கோ."

தடயப் பொருள் என்ற சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டவர். பேணியை வைத்துவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்து, கண்ணாடியை மாட்டினார். நான் கட்டுரையை மேலே தள்ளிக் காட்டினேன். ஒரு இலை. விரித்த கை போல ஏழு விரல். ஒவ்வொரு விரலின் ஓரத்திலும் வாள் போலப் பல்.

"சணலின்ரை இலை உப்பிடியோ மாமா?"

"இல்லை. சணல் ஒற்றை இலை. நீட்டு." படத்தை இன்னும் கிட்டக் கொண்டு போனார். "இந்த இலையை எனக்குத் தெரியும்."

"எங்கை கண்டனீங்கள்?"

"மேசையிலை. என்ரை மேசைக்கு முன்னாலை இருந்த மேசையிலை. சாக்குச் சாக்காய்." அவர் குரல் இறங்கியது. "பிள்ளை, இது கஞ்சா."

"ஓம் மாமா. அவை ஹெம்ப் எண்டு சொல்லுறதும் கஞ்சாச் செடிதான், போதை குறைஞ்ச இனம். எங்கடை வயல்ச் சணல் வேறை செடி. நாரைப் பார்த்து இரண்டுக்கும் ஒரே பேரை வைச்சிட்டாங்கள்."

அவர் எழுந்தார். பேணியை யன்னலால் செவ்வரத்தைச் செடியின் அடியில் ஊற்றினார். திரும்பி வந்து, கட்டிலுக்கு முன்னால், இரண்டு கையையும் பக்கவாட்டில் விட்டு, நீதிமன்றத்தில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார்.

"மகேஸ், அந்தச் சொல்லை நான் மீளப் பெறுறன்."

மாமி கண் திறக்கவில்லை. இதுதான் மேலே ஆறாவதாகச் சொன்னது. சாட்சி நான் ஒருத்திதான்.

பிறகு அவர் அவசரமாகக் கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"நீங்கள் குடிச்சனீங்களோ?"

"நேற்றுக் காலமை, பின்னேரம். இண்டைக்கு விடியவும் ஒருக்கா."

"ஏன் மாமா?"

"நான் குடிச்சுப் பாக்காமல் இவவுக்கு எப்பிடிக் குடுக்கிறது? வயித்தைப் பிரட்டினது. அதுதான் நேற்றுக் குடுக்கேல்லை, இன்னும் ஒரு நாள் பாப்பமெண்டு."

மாமி தப்பியது இந்த ஒரு நாளால். நான் பையிலிருந்து இரண்டாவது ஊசியை எடுத்து அவருடைய கையிலும் இரத்தம் எடுத்தேன். அவர் எதிர்க்கவில்லை.

ஓட்டோவில் மாமியை நடுவில் சாய்த்து வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயம் வந்தால் சிலர் அழுவார்கள். இவர் கேள்வி கேட்டார்.

"பிள்ளை, அப்ப கஞ்சா குடுத்திருந்தால் சுகம் வந்திருக்குமோ?"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் இரத்தத்தின் வெள்ளைக் கலங்களின் மேல் சில வாங்கிகள் உண்டு. கஞ்சாவில் உள்ள சில பொருட்கள் அவற்றில் போய்ப் பொருந்தும்.

"அதாவது, வாங்கு. ஆக்கள் போய் இருக்கிற மர வாங்கு."

"வாங்கி மாமா. சரி, வாங்கு எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. அதிலை போய் இருந்தால் கலத்தின்ரை கொதிப்பு அடங்கும்."

அடங்குவது நல்லதா கெட்டதா என்பதுதான் கேள்வி. போதை தராத பொருள், அந்தக் கனபிடயோல், கண்ணாடித் தட்டில், சில வைரசுகள் பெருகுவதைத் தடுத்திருக்கிறது. போதை தரும் பொருள், எலிகளில், நோய் எதிர்ப்பை அடக்கி வைரசுக்கே வசதி செய்து கொடுத்தும் இருக்கிறது. சில நோய்களில் வைரசை விட உடம்பின் சொந்தக் கொதிப்புத்தான் கூடச் சேதம் செய்யும். அங்கே அடக்குவது உதவலாம். மனிதரில் இதுவரை தெளிவான முடிவு இல்லை. டெங்குக் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை.

அவர் மாமியின் தலையைத் தன் தோளில் சரியாகச் சாய்த்தார். பிறகு சொன்னார்:

"அதாவது, கள்ளன் வளவுக்குள்ளை நிக்கேக்கை நாயைக் கட்டினால் கள்ளனுக்கு வசதி. கள்ளன் போன பிறகும் நாய் விசர்பிடிச்சு வீட்டுக்காரரைக் கடிச்சுக்கொண்டு நிண்டால், கட்டத்தான் வேணும். இந்தக் கஞ்சா நாயைக் கட்டுற கயிறு. எப்ப கட்டுறது, எவ்வளவு இறுக்கிக் கட்டுறது எண்டு ஒருத்தருக்கும் இன்னும் தெரியாது."

நான் நான்கு வருடம் படித்ததை இதைவிடச் சரியாக ஒருவரும் மொழிபெயர்த்ததில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப கஞ்சா எண்டால்..." என்று அவர் குரலை உயர்த்தினார்.

"ஐயா," என்றார் ஓட்டோக்காரர், "கும்பிட்டுக் கேக்கிறன், மெல்லக் கதையுங்கோ. முன்னுக்குப் பொலிஸ் நிக்குது."

"அதாவது, மறிப்பாங்களாம்" என்றார் அதாவதார், மாமியைப் பார்த்து. மாமியிடமிருந்து பதில் இல்லை.

அடுத்த இரண்டு நாளும் மோசம். சிறுதட்டு இன்னும் இறங்கியது. அதாவதார் வார்ட்டுக்கு வெளியே வாங்கில் அகராதியை மடியில் வைத்தபடி இருந்தார். திறக்கவில்லை. தாதி வந்து, "ஐயா, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டால், "ஓம்" என்றார். அவ்வளவுதான். அதாவது என்ற சொல்லே இல்லை. ஒழுங்கைச் சனம் பார்க்க வந்து, மாமியை விட்டுவிட்டு இவரைப் பற்றித்தான் கவலைப்பட்டது.

எட்டாம் நாள் எண்ணிக்கை ஏறியது. ஒன்பதாம் நாள், வேலைக்குப் போகுமுன் நான் எட்டிப் பார்த்தபோது டொக்டர் வந்திருந்தார்.

"எப்பிடி அம்மா இண்டைக்கு?"

"பறவாயில்லை" என்றார் மாமி. காய்ச்சல் வந்தபின் நான் கேட்ட முதற்சொல்.

அதாவதார் தொண்டையைச் செருமினார். "அதாவது, டொக்டர், இவவுக்கு இப்ப பூரண சுகம். உங்களுக்கும் தாதிமாருக்கும் மனமார்ந்த நன்றி. இண்டைக்கே வீட்டை போக அனுமதி தரும்படி பணிவாக் கேக்கிறா."

நிறுத்தினார்.

மாமி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"நான் உப்பிடிச் சொல்லேல்லை."

அதாவதார் வெளியே வந்து வாங்கில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றித் துடைத்தார்.

"கேட்டனியோ பிள்ளை?"

"ஓம் மாமா."

"அதாவது..." என்று தொடங்கினார். அதை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை.

இப்போதைய நிலை இது. மாமியின் சிறுதட்டுகள் இயல்பான அளவில் உள்ளன. அதாவதாரின் ஈரல் அளவுகள் அன்று எல்லைக்குச் சற்று மேலே இருந்தன. விதையாலா வேறெதாலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. போன மாதப் பரிசோதனையில் அவை கீழே வந்துவிட்டன. மிஞ்சிய விதையைக் கடைக்காரர் தன் வயலில் விதைத்தார், அது பூத்திருக்கிறது. அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் "படத்தையும் பார்க்க" என்று எழுதியிருக்கிறது. பரிசோதனை அறிக்கை விளங்காமல் வருபவர்களை நான் அவரிடம் அனுப்புவதில்லை. ஆனால் நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தால், எனக்குத் தரப்போவதை முதலில் தான் குடித்துப் பார்க்கிற ஒருவர் எதிர்வீட்டில் இருக்கிறார்.